ஆளுக்கொரு மாத்திரை

"சுவரெல்லாம் மஞ்சளா இருக்குதே, பெயிண்ட் அடிச்சிட்டாங்களா?" என்று கட்டிலில் கிடந்த ஆம்ப்ரோஸ் முனகினார். ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

காமாலைதான் என்று நினைத்தாள் மகள் ஆஞ்சலா. கிழவரின் மணிக்கட்டைப் பிடித்த டாக்டருக்கோ முகமே மாறிவிட்டது.

"நாடி முப்பத்தெட்டு. இது காமாலை இல்லம்மா. இதய மாத்திரை அளவு மீறி உள்ளே போயிருக்கு, அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுது, தளர்ந்த உடம்பு தாங்கல. தினா எஷ்டு, தினம் எத்தனை குடுக்கிறீங்க?"

"ஒந்தே, ஸார். ஒண்ணே ஒண்ணுதான்."

"யார் குடுக்கிறது?"

"நான்தான்."

அம்மாவுக்கும் பலவீனமான இதயம், அதே மாத்திரை. காலையில் இருவர் உள்ளங்கையிலும் ஆளுக்கொன்று வைத்துவிட்டுத்தான் ஆஞ்சலா நீலசந்திரா பஸ்ஸுக்கு ஓடுவாள். பையிலிருந்த அட்டைகளை எடுத்து மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

"குடும்பத்துக்கே முதல் டிகிரி! ஒரு மாத்திரை ஒழுங்கா குடுக்கத் துப்பில்ல," என்று பல்லைக் கடித்தான் அண்ணன் டிரேவர்.

"மூணு வருஷத்துல நீ ஒரு நாள் குடுத்தியாடா? வாயை மூடு!"

கத்திவிட்டு அட்டைகளை மறுபடியும் எண்ணினாள். தூக்கக் கலக்கத்தில் தப்பு செய்துவிட்டேனா? பெற்ற அப்பனை நானே கொல்லப் பார்த்தேனா?

ஆம்ப்ரோஸை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் அம்மா பெர்னதெத் ஜெபமாலையும் கையுமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பயத்தில் இளைக்கிறாள் பாவம் என்று ஆஞ்சலா காப்பி வாங்கி நீட்டினாள்.

"தவக்காலம்டீ, ஒறுத்தல்ல இருக்கேன், நமக்குள்ளதை விட்டுக்குடுக்கணும். என் பங்கை இந்தம்மாவுக்குக் குடு," என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள் அம்மா.

அதற்குமேல் ஆஞ்சலாவால் அடக்க முடியவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். "நான்தாம்மா... அப்பாவுக்கு நான்தான் ஏதோ கூடக் குடுத்துட்டேன் போல. அப்பா பிழைப்பாரா?"

"சீ, அழுவாத. அதெல்லாம் எழுந்து உக்காந்துடுவாரு." வார்த்தைக்கு வார்த்தை மூச்சுத் திணற, மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள் அம்மா.

"தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன்லேருந்து என் மாத்திரையையும் அவருக்குத்தானே குடுக்குறேன்!"