நாலாவது பள்ளிக்கூடம்

"நாற்பது பிள்ளைங்கள்ல பத்தொன்பது பேருக்கு ஒரு பத்தி ஒழுங்கா வாசிக்கத் தெரியலை. அதுவும் அஞ்சாம் வகுப்பு! பள்ளிக்கூடத்துல என்னதாம்மா பண்றீங்க?"

கல்வி அதிகாரி போட்ட சத்தத்தில் கூட்ட அறையே கப்சிப் என்றானது.

திரையில் வாசிப்புத் தேர்ச்சி வரைபடம், நாலு தூண்கள். அந்தச் சின்ன வட்டாரத்தில் இருப்பதே நாலு அரசுத் தொடக்கப் பள்ளிகள்தான். முதல் தூண் மேட்டுத்தெரு பள்ளி. தொண்ணூற்றாறு சதவீதம், பச்சை நிறம். கடைசித் தூண் ஸ்டேஷன் பள்ளி. ஐம்பத்திரண்டு, சிவப்பு.

ஸ்டேஷன் பள்ளி டீச்சர் எழுந்து நின்றார். தலைமையாசிரியை ஆகி ஒன்பது வருஷம் ஆகியும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கையில் ஒரு தடிமனான பதிவேடு.

"மூணு வருஷமா நீங்கதான் கடைசி. கொஞ்சம்கூட உறுத்தலையா?" என்ற அதிகாரி, முன்வரிசைப் பக்கம் திரும்பினார். குரல் சட்டென்று குழைந்தது. "மேட்டுத்தெரு சாரைப் பாருங்க. அதே புத்தகம், அதே பாடம். எப்படி சார் சாதிக்கிறீங்க? நாலு வார்த்தை சொல்லுங்களேன்."

மேட்டுத்தெரு தலைமையாசிரியர் எழுந்தார். நெஞ்சை நிமிர்த்த வேண்டிய நேரம். ஆனால் அவர் கண், டீச்சர் கையிலிருந்த பதிவேட்டை விட்டு அகலவில்லை.

"எல்லாம்... பிள்ளைங்களோட ஒத்துழைப்புதான்."

கைதட்டினார்கள்.

அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மேட்டுத்தெருவிலிருந்து ஸ்டேஷன் பள்ளிக்கு மாறிப் போன பதினோரு பிள்ளைகளின் பெயர். எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறவர்கள், வாரத்தில் பாதி நாள் வராதவர்கள். பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "அங்க கூட்டம் கம்மி, உங்க பிள்ளையைத் தனியா கவனிப்பாங்க" என்று தேன் தடவிப் பேசி அனுப்பியதும் மேட்டுத்தெரு தலைமையாசிரியரேதான்.

அந்தப் பதினோரு பேரும் அவர் கணக்கில் இருந்திருந்தால் பச்சைத் தூண் எழுபத்தெட்டுக்கு இறங்கியிருக்கும். முதலிடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"அது என்னம்மா கையில?" அதிகாரி கேட்டார்.

"சேர்க்கைப் பதிவேடு சார்."

தலைமையாசிரியருக்குப் புரிந்துவிட்டது. முடிந்தது கதை. ஒரு பக்கம் புரட்டினால் போதும். எந்தப் பள்ளியிலிருந்து, எந்தத் தேதியில் என்று எல்லாம், அவர் கையெழுத்துப் போட்ட மாற்றுச் சான்றிதழோடு வந்து நிற்கும்.

"அதுல ஏதாவது விளக்கம் இருக்கா?"

டீச்சர் ஒரு கணம் முன்வரிசையைப் பார்த்தார். தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லைங்க சார். பேரும் பிறந்த தேதியும்தான்."

"அப்புறம் எதுக்கு அதைச் சுமந்துகிட்டு வந்தீங்க?"

"சுற்றறிக்கையில கொண்டு வரச் சொல்லியிருந்தீங்க சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியின் முகம் சிவந்தது.

"உட்காருங்க. அடுத்த வருஷம் தலைமைப் பொறுப்பு வேற ஒருத்தருக்கு. நீங்க வகுப்பு மட்டும் எடுத்தாப் போதும்."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்தது. கைகொடுத்தவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தலைமையாசிரியர் வாசலுக்கு ஓடினார். பஸ் நிறுத்தத்தில் டீச்சர் தனியாக நின்றிருந்தார். பதிவேட்டை ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்... ஏன் சொல்லலை?"

"எதை சார்?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். உங்க பதவியும் தப்பிச்சிருக்கும். என்னைக் காப்பாத்தணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

டீச்சர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நீங்க அனுப்பின பிள்ளைங்கள்ல, திக்கித் திக்கிப் பேசுற பொண்ணு ஒண்ணு இருக்கே, ஞாபகம் இருக்கா? வந்த புதுசுல பேர் கேட்டாக்கூட அழும். போன வாரம் அதுவாவே எழுந்து நின்னு அரைப் பக்கம் வாசிச்சுது. பத்து நிமிஷம் ஆச்சு. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கலை சார்."

அந்தப் பெண்ணின் முகம்கூடத் தலைமையாசிரியருக்கு நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், நான் பண்ணது பெரிய பாவம். இப்பவே உள்ள போறேன். அதிகாரிகிட்ட எல்லாத்தையும் ஒப்புக்கறேன். உங்க இடம் உங்களுக்கே கிடைக்கட்டும். எனக்கு என்ன ஆனாலும் சரி."

திரும்பி இரண்டடி வைத்திருப்பார். டீச்சர் பதறிப்போய் அவர் சட்டைக் கையை எட்டிப் பிடித்தார். அறைக்குள் அத்தனை திட்டு வாங்கியபோதும் அந்த முகத்தில் வராத பயம் இப்போது வந்திருந்தது.

"ஐயோ, வேண்டாம் சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்! விஷயம் வெளிய வந்தா அந்தப் பதினோரு பிள்ளைங்களையும் திருப்பி உங்ககிட்டயே அனுப்பிடுவாங்க!"