தலை தாழ்த்திய டிராகன்

டிவிக்கு மேலே சுவரில் இருந்த பல்லியும், ஜன்னல் கம்பியில் இருந்த ஓணானும் சாயங்காலமானால் அந்த டிராகன் கார்ட்டூனைத் தவறவிடுவதே இல்லை.

"அவ்வளவு பெரிய ஜந்து, அந்தப் பையன் முன்னால மட்டும் ஏன் தலையைத் தாழ்த்துது? நெருப்பைக் கக்க வேண்டியதுதானே?" என்று எரிச்சல்பட்டது பல்லி.

"சிநேகம்ணே. மூணு தடவை தாழ்த்துது, பையனும் புரிஞ்சுக்கிட்டானே" என்றது ஓணான்.

"பயமாவும் இருக்கலாம்டா."

அதற்குள் டிராகனின் சிறகில் அம்பு பாய்ந்து, அது கண் மூடிச் சரிந்தது. கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருவரும் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

"எவ்வளவு இளகின மனசு, பாருங்கண்ணே!" ஓணான் உருகிப்போனது.

மறுநாள் பிள்ளைகள் வாசலில் விளையாடும்போது அது மதில்மேல் ஏறி நின்றது. "போகாதடா!" என்று பல்லி கத்தியதைக் காதில் வாங்காமல் மூன்று தடவை தலையைத் தாழ்த்தியது.

"டேய், ஓணான் நம்மளைப் பார்த்துத் தலையாட்டுது! கிண்டலா பண்ணுது? எடுடா கல்லை!"

முதல் கல் தவறியது. அவர்களுக்குப் புரியவில்லை போலும் என்று ஓணான் இன்னும் நன்றாகத் தலையைத் தாழ்த்தியது. இரண்டாவது கல் தவறவில்லை.

அன்று சாயங்காலம் ஜன்னல் கம்பி காலியாக இருந்தது. டிவியில் டிராகன் இன்னும் கண் திறக்கவில்லை.

"அம்மா, அது செத்துடுமா?" என்று பிள்ளைகள் விசும்பினார்கள்.

தாங்க முடியாமல் பல்லி வாய்விட்டுக் கதறியது.

அம்மா சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "அழாதீங்க கண்ணுங்களா. பல்லியே சொல்லிடுச்சு, உங்க டிராகன் பிழைச்சுக்கும்."