ஒட்டகம் ஜெயித்த நாள்

நம்பினால் நம்புங்கள். ஓர் ஒட்டகம் ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. இன்னும் மூன்று நாளில் குதிரையோடு ஓட்டப் பந்தயம். வயிறோ அம்மி மாதிரி கிடந்தது. வயிறு இளக தினமும் ஒரு வாய் இசப்கோல் உமி தின்றும் பலனில்லை.

"இது வேலைக்காகாது. ஒரு குடம் விளக்கெண்ணெய் கொண்டு வாடா" என்று கழுதையிடம் முனகியது.

"அதைக் குடிச்சா பந்தயத்துல பாதி வழியில புதர் தேடுவீங்க, அண்ணே. உமி தின்னதும் தண்ணி குடிச்சீங்களா?"

"தண்ணியா? நான் யாருடா? ஒட்டகம்! நாள்கணக்கா குடிக்காம இருக்கிற வம்சம்!"

"அந்த வம்சப் பெருமைதான் உள்ளே அடைச்சுக்கிட்டு நிக்குது. காய்ஞ்ச உமி எப்படி நகரும்?"

ஒட்டகம் முறைத்தது. பிறகு, உறவுக்காரர் யாரும் பார்க்கவில்லையே என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, உமியைத் தின்று குளத்தில் வாய் வைத்தது. மூன்று நாளும் அப்படியே. குளம் வற்றி, மீன்களெல்லாம் நடந்து பழகிவிட்டன.

பந்தயத்தன்று விடிந்ததும் ஒட்டகம் புதர்ப் பக்கம் போனது. அந்தச் சத்தத்தில் மூன்று ஊர்க் காக்கைகள் எழுந்து பறந்தன. திரும்பி வரும்போது நடையே நாட்டியமாக இருந்தது.

பந்தயத்தில் குதிரையை இரண்டு பனைமர நீளம் முந்தியது. கோப்பையோடு ஓடி வந்தவர்களிடம், "அதைக் குதிரைக்கே கொடுங்கப்பா. நான் காலையிலேயே ஜெயிச்சாச்சு!" என்றது.