மீசை சாட்சி

ஏழாவது புளியமரத்துக்கு மேலாகச் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தபோது தங்கதுரைக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். நாலு நாளாக பஸ் இல்லை. ஆனால் கோர்ட்டில் வாய்தா இருந்தது.

மகன் பகலவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பத்து வருஷமாகப் பையன் செலவுக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய் ஜீவனாம்சம். பிரிந்துபோன மனைவி ராணியம்மாள் பேருக்கு மணியார்டர் எழுதும் ஒவ்வொரு முறையும், போஸ்ட் ஆபீஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி வயிறெரிந்தவன் தங்கதுரை. இன்றோடு அதற்கு ஒரு முழுக்குப் போட்டுவிட வேண்டும்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சர்டிபிகேட்டில் பையனுக்கு வயது பதினாறு.

அந்தக் காரியத்தைச் செய்தவனும் தங்கதுரையேதான். சர்க்கார் வேலைக்கு மனுப்போட இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைக்குமே என்று, ஏழு வயதுப் பையனை ஐந்து என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். பையனின் கை காதைத் தாண்டித் தாடையைப் பிடித்தது. “வளர்த்தி ஜாஸ்திங்க” என்று சமாளித்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் இப்போது இரண்டு வருஷ மணியார்டராகத் திரும்பி வந்து நிற்கிறது.

ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. வக்கீல் அரங்கநாதன் கலங்கவில்லை. “பையன் மீசைய ஜட்ஜ் ஒரு தடவ பாத்தா போதும்யா. வயச அங்கேயே ஏத்திடலாம். சர்டிபிகேட்டையும் திருத்தச் சொல்லிடலாம்” என்றிருந்தார்.

வாஸ்தவம்தான். பகலவனின் மீசை கள்ளக்குறிச்சி கடைத்தெருவே பார்த்துப் பொறாமைப்பட்ட மீசை. அதை முறுக்குவதற்கென்றே சட்டைப்பையில் கண்ணாடி வைத்திருந்தான்.

எட்டாவது மரத்தில் கோடாலியோடு உட்கார்ந்திருந்த இளவட்டம் ஒருவன் எழுந்து வந்து சைக்கிளுக்குக் கை கொடுத்தான்.

“இன்னா மாமா, இந்த அமளியில எங்க போய்க்கினு இருக்க?”

கேட்டதுதான் தாமதம், தங்கதுரை மொத்தக் கதையையும் கொட்டிவிட்டான்.

“அட இன்னா மாமா நீ! நாங்க நாலு நாளா சோறு தண்ணியில்லாம ரோட்டுல கெடக்கறது எதுக்கு? நாளைக்கு ஒதுக்கீடு வந்தா நம்ம புள்ளைங்க மனுப் போடும். அப்ப வயசு தாண்டிடுச்சின்னு தள்ளிட்டா? கம்மியா இருக்கற வயச நீயே போயி ஏத்திட்டு வரப் போறியா?”

“எங்காசு எனக்கு” என்று முனகிவிட்டுத் தங்கதுரை பெடலை மிதித்தான். மீதி மூன்று மரங்களை யாரிடமும் பேசாமல் தாண்டினான்.

கோர்ட்டு கூடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மறியலுக்குப் பயந்து கோர்ட்டுத் தெருக் கடைகள் ஆளுக்கொரு பலகையை மட்டும் கழற்றி வைத்திருந்தன. தங்கதுரை ஒரு டீ குடித்தான். அதே கடைக்கு வந்த பகலவனும் ஒரு டீ குடித்தான். அவரவர் டீக்கு அவரவர் காசு கொடுத்தார்கள்.

கேஸைக் கூப்பிட்டதும் அரங்கநாதன் கம்பீரமாக எழுந்தார்.

“ஐயா, இது பதினாறு வயசுப் பையனோட முகமா? நீங்களே பாருங்க.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

மீசை இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்து, ஓரத்தில் பிளேடு கீறி ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. மழித்த முகத்தில் பையனுக்குப் பதினாறே ஜாஸ்தி. ராணியம்மாள்கூட மகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தேன். பதினாலுன்னுகூடச் சொல்லலாம்” என்றார் ஜட்ஜ். கோர்ட்டே சிரித்தது.

அரங்கநாதன் விடவில்லை. எலும்பை எக்ஸ்ரே எடுத்தால் வயது தெரிந்துவிடும், டாக்டரிடம் அனுப்புங்கள் என்றார். செலவை மனுதாரர்தான் கட்ட வேண்டும், சம்மதமா என்று ஜட்ஜ் தங்கதுரையைக் கேட்டார்.

தங்கதுரை கையைக் கூப்பினான். “செலவாவுங்களா? அப்ப வேணாங்க. சர்டிபிகேட்ல இருக்கறதே இருக்கட்டுங்க.”

எக்ஸ்ரே செலவுக்குப் பயந்து இரண்டு வருஷ ஜீவனாம்சத்தைத் தலையில் கட்டிக்கொண்ட கஞ்சனை, டவாலி போட்ட சேவகன்கூட வாசல்வரை வந்து வேடிக்கை பார்த்தான்.

வேப்பமரத்தடியில் அரங்கநாதன் குதித்தார். சற்றுத் தள்ளி நின்ற ராணியம்மாளின் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தினார்.

“எல்லாம் பொம்பள மூளைய்யா! காலைலயே மீசைய வழிச்சிக் கூட்டியாந்துட்டா. எவ்ளோ பெரிய சதி!”

ராணியம்மாள் வாயைத் திறப்பதற்குள் எதிர்ச்சாரி சலூன் பச்சமுத்து, கழுத்தில் துண்டோடு மூச்சிரைக்கத் தங்கதுரையிடம் ஓடிவந்தான்.

“யண்ணே, தம்பிக்கு மீசைய எடுன்னு அஞ்சு ரூவாத் தாள நீட்டிட்டு நிக்காம போயிட்டியே. இந்தா, மீதி மூணு.”

ராணியம்மாள் பத்து வருஷத்துக்குப் பிறகு புருஷனை நேருக்கு நேர் பார்த்தாள். பகலவன் மேலுதட்டைத் தடவிக்கொண்டான்.

தங்கதுரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு பச்சமுத்துமேல் எரிந்து விழுந்தான்.

“ஏன்டா, வெறும் மீசைக்கு ரெண்டு ரூவாயா?”