திரும்பி ஓடிய புள்ளி

எங்கள் ஆய்வுக்கூடத் திரையில் சுனாமி மறுபடியும் ஊருக்குள் புகுந்தது. மக்கள் வெள்ளைப் புள்ளிகளாகக் குன்றை நோக்கி ஓடினார்கள். ஒரு புள்ளி மட்டும் குன்றிலிருந்து இறங்கிக் கடலை நோக்கி ஓடியது.

பேராசிரியர் சுல்ஹெந்த்ரி சிரித்தார். "யாரும்மா இந்தக் கிறுக்கு? அமைச்சர் வர்ற நேரத்துல மானத்தை வாங்கிடும். அதைத் தூக்கிடு, யெஸ்ஸி."

"தப்பில்ல, சார். அன்னிக்கு அவங்கவங்க கைபேசி போன வழியிலதான் புள்ளி போகுது. பேரு மட்டும் தெரியாது."

"தப்பிச்சு மேல போன ஆளு எதுக்குக் கீழ வரணும்?"

"நிலநடுக்கம் நின்னதும் இதுலேருந்து ஒரு போன் போயிருக்கு. பேசி முடிச்ச உடனே இறங்கியிருக்கு. எங்க போய் நிக்குதுன்னு பாருங்க."

யெஸ்ஸி படத்தைப் பெரிதாக்கினாள். கடற்கரைத் தெரு, மசூதிக்கு அடுத்த வீடு. அலை மூடியதும் புள்ளி அணைந்தது.

அது பேராசிரியரின் வீடு.

அன்று குன்றில் நின்றபடி அவர் மனைவி போனில் கேட்டாள்: "எங்கங்க இருக்கீங்க?"

தொலைவில், புக்கிட்டிங்கியில், இன்னொருத்தியின் வீட்டிலிருந்து அவர் சொன்னார்: "நம்ம வீட்லதான். காய்ச்சல், எழுந்திருக்கவே முடியல."