சட்டையில் ஜாதிமல்லி

கணவன் நேற்று கழற்றிப் போட்ட சட்டையை முகத்தோடு சேர்த்து மூச்சை இழுத்தாள் பொற்கொடி. சந்தேகமே இல்லை, ஜாதிமல்லி. முந்தாநாளைவிடத் தூக்கலாகவே இருந்தது.

அடுத்த நிமிடம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். ஐந்து நாளாக இதே கூத்து. சட்டையை எடுத்தால் வாசம், வாசம் வந்தால் தலைவலி, கூடவே வாந்தி.

அந்த ஜாதிமல்லி யாருடையது என்று அவளுக்கா தெரியாது? பெரியநாயக்கன்பாளையத்தில் ரவிக்குமார் வேலை பார்க்கும் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வால்வு செய்கிறார்கள். கொரோனா ஊரடங்கிலும் லீவு கிடையாது. பஸ் ஓடவில்லை என்று, பேக்கிங் பார்க்கும் லோகப்பிரியாவைத் தினமும் வண்டியில் வீட்டில் இறக்கிவிட்டு வருகிறான்.

போன ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குப் போனபோது லோகப்பிரியா தலை நிறைய ஜாதிமல்லி வைத்திருந்தாள். பார்த்த அன்றே பொற்கொடிக்குப் பிடிக்கவில்லை. அழகாக வேறு இருந்து தொலைத்தாள்.

"ஏனுங்க, சட்டையில பூ வாசம் அடிக்குதே?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள்.

ரவிக்குமார் முகர்ந்து பார்த்தான். "ஆயில் நாத்தமும் வேர்வையுந்தான் கண்ணு அடிக்குது. பூ எங்க இருக்குது?"

புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? பொறாமையில் அவளுக்கு நெஞ்சே காந்தியது. வண்டியின் பின்சீட்டைப் பார்த்தால்கூட எரிச்சல் வந்தது.

வாசலில் குரல் கேட்டது. வீடு வீடாகக் காய்ச்சல் விவரம் கேட்டுவரும் நிதா, முகக்கவசத்தோடு வெளியிலேயே நின்றாள்.

"அக்கா, காய்ச்சல், இருமல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"போன வாரம் ரெண்டு நாள் மேலு சுட்டுச்சு. வெயில் சூடுதான் கண்ணு, போயிருச்சு."

"வாசனை தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுது. என்ற மூக்குக்குத் தப்பி இந்த ஊட்டுக்குள்ள ஒண்ணும் நுழைய முடியாது!"

நிதா நோட்டில் குறித்துக்கொண்டு திரும்பினாள். "அக்கா, உள்ள என்னமோ கருகுதுங்க பாருங்க."

பொற்கொடி ஓடினாள். பீன்ஸ் பொரியல் கரியாகிக் கிடந்தது. மனசு ஒரு நிலையில் இருந்தால்தானே அடுப்பில் கவனம் இருக்கும்? அந்தப் பழியையும் லோகப்பிரியா தலையிலேயே போட்டாள்.

சாயங்காலம் முடிவெடுத்துவிட்டாள். கொடுமுடியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"இனி ஒரு நாளும் இந்த மனுசனோட இருக்கமாட்டேண்ணா. இ-பாஸ் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிரு."

"அழுவாத அம்மணி, வாரேன்" என்றார் அண்ணன்.

துணிகளைப் பையில் அடைத்தாள். வருகிற அண்ணனுக்குக் காபி போட அடுப்பில் பாலை வைத்தாள். பிறகு அறைக்குள் போய், எட்டு வருஷக் குடித்தனத்தை நினைத்து அழுது தீர்த்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து கூடத்துக்கு வந்தாள். கையில் அந்தச் சட்டை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான். இருட்ட ஆரம்பித்திருந்தது. விளக்கைப் போடக் கையை நீட்டினாள்.

"சுவிட்சத் தொடாத!"

வாசற்படியிலேயே அலறினான் ரவிக்குமார். உள்ளே பாய்ந்து சன்னல்களைத் திறந்தான். சமையலறைக்கு ஓடி சிலிண்டரை மூடினான். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடந்தது.

"ஊடு பூரா கேஸ் நாத்தம் கொடலப் புடுங்குது. நீ இதுக்குள்ளயே நின்னுட்டிருக்கிறயே!" என்றான் இருமிக்கொண்டே.

பொற்கொடி சட்டையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "பேச்ச மாத்தாதீங்க. கேஸ் நாத்தம் எங்கீங்க வருது? எனக்கு ஜாதிமல்லிதான் அடிக்குது!"

ரவிக்குமார் அவளையே பார்த்தான். அவன் முகத்திலிருந்த கோபம் போய் பயம் வந்தது.

"கண்ணு, உனக்கு வாசனை தெரியாமப் போயி எத்தன நாளாச்சு?"