வெள்ளிக் கிண்ணத்தில் தேநீர்

பனி மூடிய கூரைகளுக்கு மேல் மூன்றாவது நட்சத்திரம் தெரிந்துவிட்டது, யூதர்களான எங்கள் சனிக்கிழமை ஓய்வுநாள் முடிகிறது. பின்னல் மெழுகுவத்தியைப் பிடித்தபடி நிற்கிறேன். அதன் வெளிச்சம் என் கணவர் யூடலின் தாடியிலும், அவருடைய அப்பாவின் வெள்ளிக் கிண்ணத்திலும் ஆடுகிறது. இத்தனை வருடமும் திராட்சை மது ஊற்றிய கிண்ணம். சனிக்கிழமை இதில் குடிக்க ஆரம்பித்துக் கிளம்பினாரென்றால் செவ்வாய்க்கிழமைதான் வீடு திரும்புவார். இன்று அதில் ஊற்ற, ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாதென்று நேற்றே போட்டு அடுப்பின் மேல் வைத்த தேநீர். "டீக்கு ஆசீர்வாதம் சொல்றேன்னு தெரிஞ்சா நான் வேலை பாக்கிற தையக்கடையே சிரிக்கும், ஹிண்டா." "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுங்க. மதுதான் வேணும்னு இல்ல, விருந்தாளிக்கு மரியாதையா குடிக்கக் குடுக்கிற எதுவும் போதும்னு நம்ம குரு ரப்பியே சொல்லிட்டாருல்ல? ஊத்துங்க." வரும் வாரம் பொங்கி வழிய வேண்டுமென்று கிண்ணத்தைத் தளும்ப நிரப்புவது எங்கள் வழக்கம். மதுவில் ஒரு சொட்டுச் சிந்த மனம் வராத மனிதர், இன்று தட்டு நிறைய வழியவிடுகிறார். சடங்குப்படி கிராம்பை முகர்கிறோம். ஒளியையும் இருளையும் பிரித்த இறைவனைப் போற்றிவிட்டு, உட்கார்ந்து குடித்து முடிக்கிறார். தட்டில் வழிந்த தேநீரில் மெழுகுவத்தியை அமிழ்த்துகிறேன். சுர்ரென்று அணைகிறது. அந்த இருட்டில், பழைய பயம் விடாமல், குனிந்து அவர் வாயருகே முகர்கிறேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வைத்தியரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறக்கிறார். "நல்லா மோந்து பாத்துக்க." தேயிலை வாசம், வேறொன்றும் இல்லை. இந்நேரம் தெருவில் எல்லா வீட்டிலும் சொல்லும் வாழ்த்துதான், இருபது வருடத்தில் இன்றுதான் நம்பிச் சொல்கிறேன்: "நல்ல வாரம்."